தாய்மாமன் சீருக்குக் கட்டிய தொண்ணூறாயிரம்

என் அக்கா மகளுக்கு 2023 ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் தாய்மாமன் என்று ஒருவன் இருக்கும்போது கட்டிலும் பீரோவும் அவன் பொறுப்பு என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்கா கணவர் இறந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. அவர் இருந்திருந்தால் பேசி முடித்திருக்கக்கூடிய பல விஷயங்களை நான்தான் ஓடியாடிச் செய்தேன். அதனால் அந்தச் சீருக்காக ஒரு பர்னிச்சர் கடையில் கட்டிய முன்பணம் போனபோது வெறும் பணம் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 30, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில் பெரிய ஷோரூம் வைத்திருந்த ஒரு பர்னிச்சர் கடையில் ஆடித் தள்ளுபடி. தேக்குக் கட்டில் 62,000, மெத்தை 18,000, மூன்று கதவு மரப் பீரோ 42,000, டிரெஸ்ஸிங் டேபிள் 24,000. மொத்தம் 1,46,000 ரூபாய். அறுபது சதவீதத்துக்கு மேல் முன்பணம் கட்டினால்தான் இந்த விலை என்றார் விற்பனையாளர். ஆகஸ்ட் 20-க்குள் வீட்டில் இறக்கிவிடுவதாகவும் சொன்னார்.

தொண்ணூறாயிரம் கட்டினேன். அந்தத் தொகை மூன்று வழியாகப் போனது. அன்று தற்செயலாக நடந்த அந்தப் பிரிப்பைத்தான் பிறகு இரண்டு வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கையில் இருந்த ரொக்கம் 30,000. போனில் யுபிஐ மூலம் 35,000. மீதி 25,000 கிரெடிட் கார்டில். கார்டு என்றதும் விற்பனையாளர் முகம் சுளித்தார். “மெஷின் சரியில்லை சார், இரண்டு சதவீதம் கூடுதலாகவும் ஆகும், நாளைக்கு ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்களேன்” என்றார். மறுநாள் அலையும் தெம்பு எனக்கில்லை. ஐந்நூறு ரூபாய் கூடுதலாகப் போனால் போகட்டும் என்று கார்டைத் தேய்க்கச் சொன்னேன். முதலில் முழுசாகத் திரும்பி வந்தது அந்த 25,000 மட்டும்தான்.

ஆகஸ்ட் 21 காலை கடைக்குப் போனால் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. வாசலில் என்னைப் போலப் பதினைந்து பேருக்கு மேல் நின்றார்கள். உரிமையாளர் போன் அணைந்திருந்தது. விற்பனையாளர் மட்டும் எடுத்தார். தனக்கே ஒன்றரை மாதச் சம்பளம் பாக்கி என்று சொல்லி அழுதார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 30 அன்றே அறிகுறிகள் எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தன. ஷோரூமின் மாடியில் பாதி இடம் காலி. காட்சிக்கு வைத்திருந்த சோபாக்களிலேயே ‘விற்கப்பட்டது’ அட்டை தொங்கியது. அதாவது புதிதாகச் சரக்கு வரவில்லை, மாதிரிக்கு வைத்ததையே விற்கிறார்கள். யுபிஐ அட்டையை ஸ்கேன் செய்தபோது கடைப் பெயருக்குப் பதில் வேறொருவர் பெயர் வந்தது. கேட்டேன். “முதலாளியின் மைத்துனர் கணக்கு சார், எல்லாம் ஒன்றுதான்” என்றார்கள். ரொக்கம் கட்டினால் தள்ளுபடி கூடும், முழுத்தொகையும் கட்டினால் இன்னும் கூடும் என்று பேச்சுக்குப் பேச்சு பணத்தை உடனே வாங்குவதிலேயே குறியாக இருந்தார்கள். நல்ல நிலையில் இருக்கும் கடைக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கலாம். நான்கும் ஒன்றாக இருந்தால் அந்தக் கடை நேற்றைய கடனை இன்றைய வாடிக்கையாளரின் பணத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். முன்பணம் என்பது கடைக்காரருக்கு நாம் வட்டியும் ஈடும் இல்லாமல் கொடுக்கும் கடன். வங்கி அவருக்குக் கடன் கொடுக்கும்போது சரக்கையும் கட்டடத்தையும் எழுதி வாங்கிக்கொள்கிறது. நமக்கு ஒரு மஞ்சள் சீட்டு கிடைக்கிறது.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்டிருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, முத்திரை இல்லை. ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை முன்பணம் வாங்கினால் அதற்கு முறையான ரசீதுச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம். நான் கேட்கவில்லை. எங்களோடு நின்ற ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். “பில் போட்டால் 18 சதவீதம் வரி சேரும் அம்மா, வேண்டாம் என்றால் அது உங்களுக்கு மிச்சம்” என்று பதில் வந்திருக்கிறது. புது வீட்டுக்காக அவர் கட்டியது 2,10,000 ரூபாய், அத்தனையும் ரொக்கம். வெறும் ஒரு துண்டுச் சீட்டில் ‘210’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மிச்சம் பிடிக்க நினைத்தது 37,800. அவருக்கு இன்றுவரை ஒரு ரூபாய்கூட வரவில்லை. வழக்குப் போடவும் தயங்கிவிட்டார், ஏனென்றால் பணம் கொடுத்ததற்கு அவரிடம் சாட்சியமே இல்லை. ஓய்வுபெறும்போது வந்த பணம் அது.

என்னுடைய ரொக்கத்தைக் காப்பாற்றியது ஒரு சின்னப் பழக்கம். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை என்பதால் யாருக்குப் பணம் கொடுத்தாலும் அன்றிரவே ஒரு செய்தி அனுப்பிவிடுவேன். அன்றும் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு, “ரொக்கம் 30, யுபிஐ 35, கார்டு 25, ஆக மொத்தம் 90 ஆயிரம் செலுத்தியுள்ளேன். பாக்கி 56 ஆயிரம். ஆகஸ்ட் 20-க்குள் டெலிவரி. சரிதானே?” என்று அனுப்பினேன். “சரி சார், நன்றி” என்று பதில் வந்தது. அந்த மூன்று சொற்கள்தான் பிறகு நுகர்வோர் ஆணையத்தில் எனக்கு ரசீதாக நின்றன.

ஷட்டர் முன்னால் அன்று கொதிப்பு அதிகமாக இருந்தது. உடைத்து உள்ளே இருப்பதை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போவோம் என்று சிலர் கடப்பாரை தேடக் கிளம்பினார்கள். கூட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்தான் குறுக்கே நின்று தடுத்தார். உள்ளே இருப்பது வங்கிக்கு அடமானமாக இருக்கலாம், வேறொருவர் முழுப்பணம் கட்டிய பொருளாகவும் இருக்கலாம். நாளைக்கு முதல் குற்றவாளி நாமாகத்தான் இருப்போம் என்றார். அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். உடைப்பதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வந்தவர்கள் பெயர், கட்டிய தேதி, தொகை, எந்த வழியில் கட்டினார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினோம். பூட்டிய கடையைத் தேதியோடு படம் எடுத்தோம்.

காவல் நிலையத்தில், இது சிவில் விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. கடை நஷ்டப்பட்டு மூடினால் அது மட்டுமே மோசடி ஆகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு எங்கள் நோட்டு உதவியது: கடை மூடுவதற்கு முந்தைய நான்கு நாட்களில் மட்டும் ஆறு பேரிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அதைக் காட்டியதும் மனுவை வாங்கிக்கொண்டு, அதைப் பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர் ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைக் கேட்டு வாங்காமல் காவல் நிலையத்தை விட்டு வரக் கூடாது. அடுத்து வங்கி, ஆணையம் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அக்காவிடம் நான் சொல்லவே இல்லை.

கடையின் டெலிவரி வண்டி ஓட்டிய இளைஞர் மூலம் தச்சுப் பட்டறை எங்கே என்று தெரிந்தது. மண்ணச்சநல்லூர் போகும் வழியில் தகரக் கொட்டகை. அங்கே எனக்கான கட்டில் சட்டம் பூட்டி, இழைத்து, மெருகு போடாமல் சுவரில் சாய்ந்து நின்றது. தலைமாட்டுப் பலகையில் அக்கா மகள் ஆசைப்பட்டுக் கேட்ட அன்னப்பட்சி செதுக்கல். அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தச்சர் அறுபது வயதுக்காரர். மரமும் அவருடையது, கூலியும் அவருடையது. கடை அவருக்கு ஐந்து கட்டிலுக்கான பணம் பாக்கி வைத்திருந்தது. “நீங்கள் கடைக்குக் கொடுத்தது எனக்கு வரவில்லை, தம்பி. எனக்கு அடக்கவிலை கொடுத்தால் முடித்துத் தருகிறேன்” என்றார். 38,000 ரூபாய். கடை சொன்ன விலை 62,000. அக்கா மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் அந்தக் கட்டில் குட்டியானை வண்டியில் போய் இறங்கியது. பீரோவைத் தலை தீபாவளிக்குத்தான் கொடுக்க முடிந்தது.

இனி பணத்துக்கு வருகிறேன். கார்டில் கட்டியதை மீட்க வங்கிக்கு உடனே எழுத்தில் புகார் கொடுத்தேன். ‘பொருள் தரப்படவில்லை’ என்ற காரணத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கும் இந்த முறைக்கு சார்ஜ்பேக் என்று பெயர். இது சட்டம் கொடுத்த உரிமை இல்லை, கார்டு நிறுவனங்கள் தமக்குள் வைத்திருக்கும் விதி. அதனால் கெடு முக்கியம். என் கார்டுக்கு, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள். கெடு வங்கிக்கு வங்கி, கார்டுக்குக் கார்டு மாறும் என்பதால் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. டெலிவரி தேதி குறிப்பிட்ட வாட்ஸ்அப் செய்தி, பூட்டிய கடையின் படம், சி.எஸ்.ஆர் ரசீது, இவற்றை இணைத்தேன். எழுபது நாட்களில் 25,000 கணக்கில் வரவு வைக்கப்பட்டது. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எனக்கு அதற்குத் தேவை வரவில்லை. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவில், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குக் கிரெடிட் கார்டில் ஒரு பகுதி கட்டியிருந்தாலும் கடைக்காரரோடு கார்டு நிறுவனமும் முழுத்தொகைக்குப் பொறுப்பு. நம் நாட்டில் அப்படி ஒரு பிரிவு இருந்திருந்தால் என்னுடைய 25,000 மற்ற 65,000-த்தையும் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கும். இங்கேயும் அது வர வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

யுபிஐ பணத்தில் வங்கி கைவிரித்தது. வணிகக் கணக்குக்குப் போகாமல் தனிநபர் கணக்குக்குப் போன பணம், நானே ரகசிய எண் போட்டு அனுப்பியது. திருப்ப வழியில்லை என்றார்கள். ஸ்கேன் செய்ததும் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கடைப் பெயரில் கணக்கு இல்லாத கடையில் முன்பணம் கட்ட வேண்டாம்.

எங்கள் கூட்டத்தில் இரண்டு இளைஞர்கள் தவணைக் கடனில் சோபா எடுத்திருந்தார்கள். கடையில் ஓடிபி கேட்டார்கள், சொல்லிவிட்டார்கள்; அது கடன் ஒப்பந்தத்துக்கான சம்மதம் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. சோபா வரவில்லை, மாதம் 4,000 மட்டும் கணக்கிலிருந்து போனது. ஒருவர் ஆத்திரத்தில் தவணையை நிறுத்திவிட்டார். சிபில் மதிப்பெண் விழுந்து, அடுத்த வருடம் பைக் கடன் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். மற்றவர் தவணையைக் கட்டிக்கொண்டே, பொருள் வரவில்லை என்று நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, நுகர்வோர் வழக்கில் அந்த நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்த்தார். இரண்டாம் விசாரணையிலேயே நிறுவனம் சமரசத்துக்கு வந்து கடனை ரத்து செய்தது.

யார்மேல் வழக்குப் போடுவது? பெயர்ப்பலகையில் இருந்த பெயருக்குப் பின்னால் ‘குரூப்’ என்றெல்லாம் இருந்தது. ஆனால் பெயர்ப்பலகைமேல் வழக்குப் போட முடியாது. இங்கே எனக்கு வழிகாட்டியது ஜிஎஸ்டி எண். ஆசிரியைக்குக் கிடைக்காத முறையான பில் ஒன்று வேறொரு வாடிக்கையாளரிடம் பழைய வாங்குதலுக்கு இருந்தது. பதினைந்து இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, உரிமையாளரின் பான் எண். பானின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது இடம், ‘பி’ என்றால் தனிநபர், ‘எஃப்’ என்றால் கூட்டு நிறுவனம், ‘சி’ என்றால் கம்பெனி. எங்கள் கடைக்கு ‘பி’. அதாவது கடையின் கடன் அவருடைய சொந்தக் கடன். வீடும் நிலமும் அதற்குப் பொறுப்பு. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உரிமையாளரின் சட்டப்பூர்வப் பெயரும் வரும். அதே பக்கத்தில் மாதக் கணக்குத் தாக்கல் செய்த தேதிகளும் தெரியும். எங்கள் கடை கடைசியாகத் தாக்கல் செய்தது ஏப்ரல் மாதக் கணக்கை. நான் பணம் கட்டியது ஜூலை இறுதியில். இரண்டு நிமிட வேலை. கட்டுவதற்கு முன்னால் பார்த்திருந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க மாட்டேன். இதற்காகவாவது இதைப் படிப்பவர்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எதிரில் இருப்பது கம்பெனியாக இருந்து திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால் கதை வேறு. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி வழக்குகள் எல்லாம் நிறுத்திவைக்கப்படும். நாளிதழில் வரும் அறிவிப்பைப் பார்த்து, அதில் சொன்ன கெடுவுக்குள் அந்த நடவடிக்கையை நடத்தும் தீர்வாளரிடம் உரிய படிவத்தில் உரிமை கோர வேண்டும். 2018-இல் வீடு வாங்குவோருக்கு, வங்கியைப் போல நிதிக் கடன் கொடுத்தவர் என்ற தகுதி கிடைத்தது. சோபாவுக்கு முன்பணம் கட்டியவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. வரிசையில் வங்கிக்கும் தொழிலாளர் பாக்கிக்கும் பின்னால்தான் நிற்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எனக்குப் பெரிய துணை. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நாம் வசிக்கும் இடத்திலேயே தொடரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். வழி தெரியாதவர்கள் 1915 என்ற உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். ஆனால் இரண்டு வருடக் கெடு உண்டு. எங்கள் உரிமையாளர் அக்டோபரில் திடீரென்று போனில் வந்து, “பொங்கலுக்குள் எல்லோருக்கும் செட்டில் செய்கிறேன்” என்றார். பிறகு சித்திரை என்றார், பிறகு அடுத்த ஆடி. நம்பிக் காத்திருந்த நான்கு பேருக்குக் கெடு கடந்துவிட்டது. இதற்கிடையில், 2,000 ரூபாய் கொடுத்தால் பணத்தை வாங்கித் தருகிறேன் என்று யாரோ ஒருவர் எங்கள் எண்களைப் பிடித்து அழைத்தார். இரண்டு பேர் அதிலும் ஏமாந்தார்கள்.

நான் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் கடை முகவரியிலிருந்து திரும்பி வந்தது. உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்து ஆணையத்தில் கொடுத்தேன். சொந்த ஊர் முகவரிக்கு அனுப்பியது சேர்ந்தது. நவம்பரில் தாக்கல் செய்தேன். மைத்துனரை இரண்டாம் எதிர்தரப்பாகச் சேர்த்தேன். இருவரும் வரவில்லை. 2025 ஜனவரியில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு: 65,000 ரூபாய், அதற்கு 9 சதவீத வட்டி, மன உளைச்சலுக்கு 10,000, செலவுக்கு 5,000. தீர்ப்பு நகலைக் கையில் வாங்கியதும் முடிந்தது என்று நினைத்தேன். பணம் தானாக வரவில்லை. அதற்குத் தனியாக நிறைவேற்று மனு போட வேண்டியிருந்தது. உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கு 72-ஆம் பிரிவில் இடமுண்டு. பிடியாணை என்ற பேச்சு வந்த பிறகுதான் உரிமையாளர் நேரில் வந்தார். இளைத்துப் போயிருந்தார். 30,000 ரூபாய்க்கு வங்கி வரைவோலை கொடுத்து, மீதிக்குத் தவணை கேட்டார். இதுவரை இரண்டு தவணை வந்திருக்கிறது.

இப்போது எனக்கு மரச்சாமான் தேவைப்பட்டால் தச்சரிடமே போகிறேன். மரம் வாங்க ஐந்தில் ஒரு பங்கு, சட்டம் பூட்டியதை நேரில் பார்த்த பிறகு கொஞ்சம், வீட்டில் இறக்கிய பிறகு மீதி. கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் ஷோரூமில் தயாராக இருப்பதைப் பார்த்து, அன்றே வண்டியில் ஏற்றிக்கொண்டு பணம் கட்டுகிறேன்.

போன மாதம் பட்டறைத் தச்சர் அழைத்தார். உங்களுக்கு ஆணையத்தில் பணம் வருகிறதாமே, ஐந்து கட்டில் பாக்கிக்கு நானும் அங்கே மனுக் கொடுக்கலாமா என்று கேட்டார். அவர் வாடிக்கையாளர் இல்லை, கடைக்குச் சரக்குக் கொடுத்தவர். அந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு சரக்குக் கொடுக்கும்போதே இருந்திருந்தால் அதற்கான மன்றத்துக்குப் போயிருக்கலாம். அவரிடம் அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது சிவில் நீதிமன்றம், அதற்கும் மூன்று வருடக் கெடு உண்டு. அவர் கையில் இருப்பது எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிட்டை நோட்டு. கடை மேலாளர் ஒவ்வொரு கட்டிலுக்கும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய், அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வந்தேன். வரும் வியாழக்கிழமை அவரோடு வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறேன்.